போதகர் கற்ற வரலாறு: தரங்கம்பாடி முதல் பெங்களூர் வரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஊர்க் கோயிலில் போதகர் மேடையேறிப் பேசும் அரைமணி நேரப் பேச்சுக்குப் பின்னால், அவர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பயின்ற வகுப்பறை ஒன்று இருக்கிறது. அவ்வகுப்பறையில் அவருக்கு எம்மொழியில் கற்பித்தனர்? யாருடைய கதையை வரலாறு என்று சொல்லிக் கற்பித்தனர்? இவ்விரண்டு வினாக்களுக்கும் உரிய விடை அவர் பேசும் தமிழிலேயே வெளிப்பட்டுவிடும். திருமறையையும் திருச்சபை வரலாற்றையும் வருங்காலப் போதகர்க்குக் கற்பிக்கும் பணி, மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒரு சமயத்தாரின் உள்வீட்டுச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் தமிழ் உரைநடையும், தமிழ் அச்சும், தமிழரின் கல்வி வரலாறும் அவ்வகுப்பறையோடு நெருங்கிய உறவுடையன. ஆதலின் தமிழன்பர் அனைவரும் அறிய வேண்டிய செய்தியே இஃது எனலாம்.

இக்கட்டுரை பெங்களூரை நடுவாக வைத்து இவ்வரலாற்றை நோக்க முயல்கிறது. நகரின் தண்டுப் பகுதியில், பென்சன் டவுனை ஒட்டிய மில்லர் சாலையில் ஐக்கிய இறையியல் கல்லூரி அமைந்துள்ளது. 1910-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இக்கல்லூரி ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. ஆனால் அதன் வேர்களைக் காண விரும்புவோர் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் தமிழகக் கடற்கரைக்கும், யாழ்ப்பாணத்துக்கும் செல்லுதல் வேண்டும்.

முதற் பாடநூல்கள்

தமிழெழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம் என்பதை அறிஞர் உலகம் அறியும். அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளாரே 1586-இல் அடியார் வரலாறு என்னும் பெருநூலையும் அச்சிட்டார். முன்னது மறைக்கல்வி நூல். பின்னது திருச்சபைச் சான்றோரின் வாழ்க்கைக் கதைகளைக் கூறுவது. எனவே, திருச்சபையின் பழங்கதையைத் தமிழில் அச்சிட்டுக் கற்பிக்கும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்பது தெளிவு.

ஊர்தோறும் சென்று மறையுரை ஆற்றிய பணியாளர் அந்நாளில் வேதியர் எனப் பெற்றனர். பிற்காலத்தில் உபதேசியார் என்ற பெயர் அவர்க்குப் பெருவழக்காயிற்று. குருமார் மிகச் சிலரே இருந்த காலத்தில், மக்களோடு மக்களாக வாழ்ந்து சபைகளைத் தாங்கியவர்கள் இவர்களே. இவர்களுக்கென்றே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் நூலை இயற்றினார். தேம்பாவணி பாடிய அதே பெருமகனார், ஓலைச்சுவடி ஏந்தி நடந்த எளிய பணியாளர்க்காக உரைநடையில் ஒரு வழிகாட்டி வரைந்தார். தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் அந்நூலைத் தவறாமற் குறிப்பிடுவர். போதகப் பயிற்சிக்கு எழுந்த தேவையே அவ்வுரைநடைக்குத் தாயாயிற்று என்பதை நாம் நினைவில் நிறுத்துதல் தகும்.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில், ஜெர்மானியராகிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1716-இல், உள்நாட்டுப் பணியாளரைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றையும் அவர் தொடங்கினார். நூல் வந்தவுடன் அந்நூலைக் கற்பிப்போரை உருவாக்க முனைந்த முறைமை ஈண்டுக் கருதத்தக்கது. 1733-இல் கடலூரைச் சேர்ந்த ஆரோன் என்பார் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபை மரபில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

இவ்விடத்தில் இன்னொருவரையும் நாம் மறக்கலாகாது. ராஜநாயக்கன் என்பவர் தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர். ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர். தமிழ் நற்செய்தி நூலைத் தாமே படித்துத் தெளிந்து, தஞ்சைப் பகுதியில் அரும்பணி ஆற்றிய உபதேசியார். ஆரோனுக்கு அடுத்துக் குருப்பட்டம் அளிக்கத் தக்கவர் யார் என்ற பேச்சு எழுந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் உயர்குலத்தார் எனத் தம்மைக் கருதிக்கொண்ட சபையார் அவர் கையால் நற்கருணை பெறத் தயங்குவர் என்ற அச்சம் மிஷனெரிமாரைத் தடுத்தது. 1741-இல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குக் கிடைத்தது. ராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். ஆரோனின் பெயரைக் கற்பித்து ராஜநாயக்கனின் பெயரை விட்டுவிடும் வரலாற்று வகுப்பு பாதி வரலாற்றையே கற்பிக்கிறது. இச்செய்தியைப் பின்னரும் நோக்குவோம்.

மொழிச் சிக்கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயிற்சிப் பள்ளிகள் பல எழுந்தன. 1823-இல் அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். பாளையங்கோட்டையில் இரேனியுசு உபதேசிமாரைப் பயிற்றுவித்தார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்துப் புகழ்பெற்ற ஜி. யு. போப், தம் இளமையில் சாயர்புரத்தில் நடத்தியதும் இத்தகையதொரு பள்ளியே. மதுரை அமெரிக்க மிஷன் 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845-இல் பசுமலைக்குப் பெயர்ந்தது.

இவற்றுள் வட்டுக்கோட்டையின் கதை தனிச்சிறப்புடையது. அங்கே ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல் ஆகியவற்றோடு சமயக் கல்வியும் அளிக்கப்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்குப் பயின்றவர்களே. சங்க நூல்களையும் இலக்கண நூல்களையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த தாமோதரம்பிள்ளையின் தொண்டைத் தமிழுலகம் என்றும் போற்றும்.

ஆனால் செமினரியை நடத்தியோர் வேறோர் அளவுகோலை வைத்திருந்தனர். பொருள் செலவிட்ட அமெரிக்கச் சங்கம், எத்தனை போதகர் உருவாயினர் என்று கேட்டது. ஆங்கிலம் கற்றோர் அரசுப் பணிக்கும் பிற தொழிலுக்கும் சென்றனர். ஊர்ப்புறத்துச் சபைக்குச் செல்ல முன்வந்தோர் சிலரே. 1855-இல் அச்சங்கத்தின் தூதுக்குழு வந்து ஆராய்ந்தது. தாய்மொழிவழிப் போதகப் பயிற்சியே மிஷனின் வேலை என்ற கொள்கை வலுப்பெற்றது. செமினரி மூடப்பட்டது.

இருதரப்பிலும் நியாயம் இருந்தது என்றே கூற வேண்டும். சிற்றூர் மக்களிடம் பேசப்போகிறவர்க்கு அவர்தம் மொழியிற் கற்பிப்பதே முறை என்பதை யார் மறுப்பர்? ஆயினும் உலக அறிவின் வாயிலாக அன்று விளங்கிய ஆங்கிலத்தை அடைத்துவிட்டு, சபைக்கு இவ்வளவு அறிவு போதும் என்று பிறர் அளந்து கொடுப்பதை யாழ்ப்பாணத்துப் பெற்றோர் எங்ஙனம் ஏற்பர்? இங்குத் தமிழ்வழிக் கல்வி என்பது தமிழின்மேற் கொண்ட மதிப்பால் மட்டும் வந்ததன்று. தமிழருக்குச் சிறிது போதும் என்ற எண்ணமும் அதனோடு கலந்திருந்தது. தமிழும் வேண்டும், உயர்கல்வியும் வேண்டும் என்ற மூன்றாம் வழி அன்று எவர்க்கும் தோன்றவில்லை. அவ்வழியைத் தேடும் முயற்சியே அடுத்த நூற்றாண்டின் கதையாகும்.

பெங்களூர்க் கல்லூரி

1908-இல் தென்னிந்தியாவில் இருந்த சில சபைப் பிரிவுகள் ஒன்றிணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவாயிற்று. இரண்டாண்டுகளுக்குப் பின் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி தோன்றியது. லண்டன் மிஷன், வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷன், ஸ்காட்லாந்து ஐக்கிய சுயாதீன சபை, அமெரிக்க ஆற்காட்டு மிஷன், அமெரிக்க மதுரை மிஷன், யாழ்ப்பாணத்தார் எனப் பல அமைப்புகள் இதற்குக் கைகோத்தன. வட்டுக்கோட்டையில் கல்லூரியை இழந்த யாழ்ப்பாணமும், பசுமலையை உடைய மதுரையும் பெங்களூரில் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தமை வரலாற்றின் இனிய திருப்பமாகும்.

இதற்குப் பெங்களூர் பொருத்தமான இடமாக அமைந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் இது. 1809-இல் தண்டு அமைக்கப்பட்டபின், படையோடும் தொழிலோடும் வந்து குடியேறிய தமிழர் இப்பகுதியில் பெருகினர். தமிழ்ச் சபைகளும் எழுந்தன. நான்கு மொழி மாணவர் ஒரே பலகையில் அமர்ந்து கற்கும்போது பொதுமொழி ஆங்கிலமாகவே இருக்க நேர்ந்தது. வங்காளத்துச் செராம்பூரில் 1818-இல் நிறுவப்பெற்று, 1827-இல் டென்மார்க் அரசரின் பட்டயம் பெற்ற கல்லூரியே இறையியற் பட்டங்களை வழங்கும் உரிமை உடையதாயிருந்தது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைச் சீர்செய்து, நாடெங்கும் உள்ள இறையியற் கல்லூரிகள் அதன் ஆட்சிக்குழுவோடு இணைய வழிவகுத்தது. பெங்களூர் மாணவரும் அப்பட்டத்தையே பெற்றனர்.

அத்தகைய வகுப்பில் திருச்சபை வரலாறு கற்பிப்பது எளிய செயலன்று. ஒருவர் ஸ்காட்லாந்து மரபினர். அடுத்தவர் வெஸ்லியின் வழியினர். மற்றவர் அமெரிக்கச் சபையால் வளர்ந்தவர். ஆனால் மூவரும் பிறந்தது வேலூரிலோ, மதுரையிலோ, மைசூரிலோதான். ஐரோப்பாவில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் எழுந்த பூசல்கள், கப்பலேறி வந்து, தமிழ்நாட்டில் ஒரே தெருவில் வாழ்ந்த உறவினரை வெவ்வேறு கோயில்களுக்குப் பிரித்தனுப்பியிருந்தன. தாம் ஏன் பிரிந்திருக்கிறோம் என்பதை ஆராயத் தொடங்கும் மாணவன், அக்காரணங்களுள் ஒன்றேனும் தன் ஊரில் முளைத்ததன்று என்பதைக் கண்டுகொள்வான். ஐரோப்பிய வரலாற்றைக் கற்பதால் விளையும் பெரும்பயன் இதுவே.

அவ்வுணர்வு வீண்போகவில்லை. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய தென்னிந்தியப் போதகர்கள் சபை ஒருமைக்கான அழைப்பை விடுத்தனர். அவர்களுள் முன்னின்றவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒருமைப் பேச்சுக் குழுவின் செயலராக நெடுநாள் உழைத்தவர் பசுமலையில் போதகப் பயிற்சிப் பள்ளியை நடத்திய பானிங்கா. இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுக்குப் பின், 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1954-இல் பெங்களூர்க் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்ற ஜே. ரசல் சந்திரன், 1983 வரை அப்பணியில் இருந்தார்.

லார்சனும் தமிழ் வேதாகமமும்

கல்லூரியின் முதல் முதல்வர் எல். பி. லார்சன் என்னும் டென்மார்க்கு நாட்டினர். பெங்களூருக்கு வருமுன்பே தமிழகத்தில் பணிசெய்து தமிழை நன்கு கற்றவர். ஆங்கிலவழிக் கல்லூரியை நிலைநிறுத்திய இவரே, பின்னர்த் தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் பெரும்பணிக்குத் தலைமை ஏற்றார். அத்திருத்தம் 1936-இல் முழுமையாக வெளிவந்தது. எபிரேயமும் கிரேக்கமும் கற்பித்த வகுப்பறையின் அறிவு, நல்ல தமிழாக ஊர்ச்சபைகளுக்குச் செல்ல வேண்டும் என்ற நோக்கம் இதில் விளங்குகிறது.

ஒரு சொல்லின் கதையைக் கொண்டே முழு வரலாற்றையும் கற்பித்துவிடலாம். இறைவனைக் குறிக்கச் சீகன்பால்கு கத்தோலிக்க வழக்கிலிருந்த சருவேசுரன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்பிரிசியு செய்த மொழிபெயர்ப்பில் பராபரன் என்ற சொல் நிலைத்தது. 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்த பதிப்பில் தேவன் என்பது இடம்பெற்றது. லார்சனின் திருத்தத்தில் கடவுள் வந்தார். கத்தோலிக்கரும் பிற சபையாரும் ஒன்றுகூடி உழைத்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியமும் கடவுள் என்றே வழங்குகிறது. இந்நான்கு சொற்களுள் ஒவ்வொன்றையும் தேர்ந்தோர் அயலிலுள்ள சைவ வைணவ வழக்கினின்று எவ்வளவு விலகி நிற்பது, எவ்வளவு நெருங்கி நிற்பது என்று நெடிது எண்ணியே தேர்ந்தனர். ஆகவே இஃது இறையியற் பாடமும் ஆம்; தமிழ்ச் சொல்வரலாறும் ஆம்; சமூக வரலாறும் ஆம்.

ஆனால் லார்சனின் திருத்தம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. சீர்திருத்தச் சபைகளுள் பெரும்பாலான மக்கள் பழைய 1871 பதிப்பையே பற்றிக்கொண்டனர். இன்றும் அதனை விடாதோர் மிகப் பலர். கற்றோர் இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பாட்டி படுக்கையில் கிடந்தபோது படித்துக்காட்டிய வரிகள், திருமணத்தில் ஒலித்த வரிகள், கல்லறையில் செதுக்கிய வரிகள் யாவும் அப்பதிப்பின் சொற்கள். அச்சொற்களை மாற்றுவோர் திருத்துவது நூலை. மக்கள் இழப்பதாக உணர்வது நினைவை. மூலமொழி அறிந்த ஆசிரியரின் நியாயமும், மனப்பாடமாக வரிகளைச் சுமக்கும் மூதாட்டியின் நியாயமும் மோதும் இடத்திலேதான் இளம்போதகர் நிற்க வேண்டியிருக்கிறது. திருமறை வகுப்பு அவர்க்கு முதல் நியாயத்தைக் கற்பிக்கும். இரண்டாவதைக் கற்பிப்பது வரலாற்று வகுப்பே. ஒன்றை மட்டும் கற்றவர் சபையில் செருக்கரென்று பெயர்பெறுவார், அல்லது சபையின் பழக்கத்துக்கு அடிமையாவார்.

இவ்வேதாகமக் கதை முழுவதையும் யாழ்ப்பாணத்துப் பேராயர் சபாபதி குலேந்திரன் கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு என்னும் தமிழ் நூலாக எழுதினார். 1967-இல் அதனை வெளியிட்டது பெங்களூரில் இயங்கும் இந்திய வேதாகமச் சங்கம். ஆங்கிலத்தில் மட்டுமே ஆராய்ச்சி இயலும் என்று எண்ணுவார்க்கு அந்நூல் தக்க மறுமொழியாகும்.

யாருடைய வரலாறு?

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். நெடுங்காலம் நம் நாட்டு இறையியல் வகுப்புகளில் திருச்சபை வரலாறு என்றால் உரோமை, ஜெனீவா, விட்டன்பர்க்கு, கேன்டர்பரி என்றே பொருள்பட்டது. இந்தியா அதில் கடைசி அதிகாரமாக வந்தது. அவ்வதிகாரத்திலும் கப்பலில் வந்து இறங்கியவரே கதைத்தலைவர்; கரையில் நின்று எதிர்கொண்டவர் பெயரற்ற கூட்டம். 1961-இல் வெளிவந்த சி. பி. பெர்த்தின் இந்தியத் திருச்சபை வரலாற்று நூல் பல கல்லூரிகளுக்குப் பாடநூலாகி, இந்திய வரலாற்றைத் தனிப்பாடமாகக் கற்பிக்கப் பெரிதும் உதவியது. அதற்கு முன்னரே, 1935-இல், இந்தியத் திருச்சபை வரலாற்றுக் கழகம் தோன்றியிருந்தது.

பெங்களூர்க் கல்லூரியில் 1960-களில் திருச்சபை வரலாறு கற்பித்த காய் பாகோ என்பாரும் டென்மார்க்கினரே. இந்திய மண்ணுக்கேற்ற வழிகளைத் தேடிய முன்னோடிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1969-இல் வெளிவந்தது. அயல்நாட்டுச் சங்கங்களின் அறிக்கைகளில் ஓரக்குறிப்பாகக் கிடந்த இந்தியர் பலர் அதனால் வெளிச்சம் பெற்றனர்.

1970-களில் வரலாற்றுக் கழகத்தார் ஒரு புதுநோக்கை வகுத்தனர். இந்தியக் கிறிஸ்தவர்களின் வரலாறு இந்திய மக்களின் சமூக, பண்பாட்டு வரலாற்றின் பகுதியாகவே எழுதப்படல் வேண்டும். அதற்கு நடுவாக விளங்க வேண்டியவர் வட்டாரந்தோறும் வாழ்ந்த மக்களே என்பது அந்நோக்கின் சாரம். அதன்படி இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றுத் தொகுதிகள் பெங்களூரிலிருந்து வெளிவரலாயின. தெக்கேடத்து எழுதிய இரண்டாம் தொகுதி 1982-இலும், பெங்களூர்த் தர்மாராம் கல்லூரிப் பேராசிரியர் முண்டாடன் எழுதிய முதல் தொகுதி 1984-இலும் வந்தன. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் தமிழ்நாட்டைப் பற்றி ஹூகால்டு கிராபே எழுதிய தொகுதி 1990-இல் வெளியாயிற்று. கத்தோலிக்க ஆசிரியரும் பிற சபை ஆசிரியரும் ஒரே தொகுப்பில் எழுதியமை குறிப்பிடத்தக்கது. ஒரு தலைமுறைக்கு முன் இது கனவாகவே இருந்திருக்கும். பாண்டிச்சேரியில் தொடங்கி 1934-இல் பெங்களூர் மல்லேசுவரத்துக்கு வந்த தூய பேதுரு குருமடம் போன்ற கத்தோலிக்கக் குருமடங்களில், 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காலம்வரை இலத்தீனே உயர்பாட மொழியாக இருந்தது. அச்சங்கத்துக்குப் பின் வீசிய காற்றே இக்கூட்டுழைப்புக்குக் கதவைத் திறந்தது.

அடுத்த திருப்பமும் பெங்களூரிலேயே நிகழ்ந்தது. 1981-இல் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்து நிர்மல் ஆற்றிய உரை, தலித் இறையியல் என்று பின்னர்ப் பெயர்பெற்ற சிந்தனைக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. சபையில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தாராயிருக்க, அவர்தம் துயரும் உழைப்பும் பாடத்தில் ஏன் இல்லை என்ற வினாவுக்கு அதன்பின் எவரும் காதைப் பொத்திக்கொள்ள இயலவில்லை. தரங்கம்பாடியில் குருப்பட்டம் மறுக்கப்பட்ட ராஜநாயக்கன் இப்போது வகுப்பறைக்குள் வரலாற்று மாந்தராக வந்து நிற்கிறார்.

இதனை ஏற்பது சிலர்க்கு இன்னும் கசப்பாக உள்ளது. பெருமைக்குரியவற்றை மட்டும் கற்பித்தால் மாணவரின் பற்று வளரும் என்பர் அவர். பற்று வளரலாம், ஆனால் அது கண்கட்டிய பற்று. தன் சபையின் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை ஏன் இருக்கிறது என்பதை அறியாத போதகர், அதனை இறைவன் வகுத்த ஏற்பாடென்று எண்ணி அப்படியே காத்துவிடவும் கூடும். அது மனிதர் வகுத்தது, இன்ன காலத்தில் இன்ன அச்சத்தால் வகுத்தது என்று அறிந்தவரே அதனை மாற்றத் துணிவார்.

ஏட்டிலிருந்து ஊருக்கு

இவ்வரலாற்றைக் கற்பிக்கும் முறையும் மாற வேண்டும். பெங்களூர்க் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் பழைய மிஷன் ஏடுகளும் கடிதங்களும் பாதுகாக்கப்படுகின்றன. ஆயினும் ஒவ்வொரு மாணவரின் ஊரிலும் ஓர் ஆவணக் காப்பகம் உண்டு; ஆலயத்தின் இரும்புப்பெட்டியில் உறங்கும் ஞானஸ்நானப் பதிவேடே அது. நாள், பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொழில் என்று அதில் வரிவரியாக எழுதப்பெற்றிருக்கும். ஒரே ஆண்டில் பதிவுகள் திடீரெனப் பெருகுகின்றன என்றால் அவ்வாண்டில் பஞ்சம் வந்ததா, நிலக்கிழாரின் கொடுமை மிகுந்ததா, புதிய பள்ளி திறந்ததா என்று மாணவர் தேட வேண்டும். ஒரு தலைமுறையில் கூலி என்று எழுதிய இடத்தில் அடுத்த தலைமுறையில் ஆசிரியர் என்று வந்தால், அவ்விரண்டு சொற்களுக்கு இடையே அக்குடும்பம் நடந்த தொலைவை அளக்க வேண்டும். இவ்வாறு பயின்ற போதகர் தம் மக்களைப் பெயரறிந்து மேய்ப்பார்.

இத்தகைய ஆய்வுக்கு ஆங்கிலம் ஓரளவே உதவும். பதிவேடும் பாட்டியின் கதையும் தமிழில் உள்ளன. 1969-இல் மதுரை அரசரடியில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழை உயர் இறையியலின் பாடமொழியாக்கியது இவ்வகையிற் பெருமைக்குரிய செயலாகும். வட்டுக்கோட்டையில் எவர்க்கும் தோன்றாத மூன்றாம் வழியை அரசரடி மெய்ப்பித்துக் காட்டியது எனலாம். தமிழ்வழிக் கல்வி குறைந்த கல்வியாக இருக்கத் தேவையில்லை என்பது அங்கு உறுதியாயிற்று.

அதனால் பெங்களூரின் தேவை நீங்கிவிடவில்லை. தம் மொழியாரை மட்டுமே காணும் மாணவர்க்குப் பிற மொழியாரின் வரலாற்றோடு தம் வரலாற்றை ஒப்பிடும் வாய்ப்புக் குறைவு. கன்னடத்து மாணவரும், ஆந்திரத்து மாணவரும், வடகிழக்கு மலைநாட்டு மாணவரும் அருகமர்ந்து தத்தம் ஊர்க்கதையைச் சொல்லும்போதுதான், தமிழ் மாணவர் தம் கதையில் எது பொது, எது சிறப்பு என்று தெளிவார். ஆனால் அத்தெளிவை அவர் திரும்பத் தமிழில் எழுதிவைத்தாலன்றி, அது தமிழர்க்குப் பயன்படாது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற ஆய்வேடுகள் நூலகத்தில் அடுக்கடுக்காக இருக்க, அவ்வூர்களைச் சேர்ந்த மக்கள் தம் முன்னோரைப் பற்றிய செய்தியை ஒரு பக்கமேனும் படிக்க இயலாத நிலை நீடிப்பது முறையாகாது.

வீரமாமுனிவர் எளிய வேதியர்க்காகத் தமிழ் உரைநடை எழுதினார். லார்சன் கல்லூரிப் பணியை விட்டபின் தம் முதுமையைத் தமிழ்த் திருத்தத்துக்கு ஈந்தார். குலேந்திரன் வேதாகமத்தின் கதையைத் தமிழிலேயே எழுதிப் பெங்களூரில் அச்சேற்றினார். மூவரும் கற்ற இடங்கள் வேறு, காலங்கள் வேறு. கற்றதைத் தமிழிற் கொண்டுவந்து சேர்க்கும்வரை பணி முடியவில்லை என்ற எண்ணத்தில் மூவரும் ஒன்றுபட்டனர். மில்லர் சாலை வகுப்பறையில் இன்று அமர்ந்திருக்கும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் பட்டத்தோடு தம் ஊர்க் கோயிலின் வரலாற்றைத் தமிழில் எழுதிய ஒரு சிறு நூலையும் கையிற் கொண்டு திரும்புவாராயின், ஒரு தலைமுறைக்குள் தமிழர் சமூக வரலாற்றில் இருள் சூழ்ந்த பல பக்கங்கள் விளங்கிவிடும். அந்நூலின் முதற்படியை ஊரில் முதியவர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, தம் பாட்டனாரின் பெயரை விரலால் தொட்டுக்காட்டும் நாளே, அவ்வகுப்பறை தன் பயனை எய்திய நாளாகும்.